செவுளைத் தூக்கிப் பார்

மூத்தவள் நர்சுப் படிப்பு முடித்து நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்தவள் பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு. கடைக்குட்டிக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மீன் கடவத்தைத் தலையிலிருந்து இறக்கும் முன்பே நீ என் பேத்திகளைத்தான் விசாரிப்பாய். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

இன்று காலை பைக்கில் மீன் விற்க வந்தவரிடம் சாளை கேட்டேன். "இப்பம் கரையேறினதுல்லா" என்றார். என் கை தானாகச் செவுளைத் தூக்கியது. புது மீன் என்றால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும்; இது பழுப்பு. உடனே உன் நினைவு. "கண்ணு ஏமாத்தும், ஐஸ் ஏமாத்தும், செவுளு ஏமாத்தாது" என்பாய்.

பேச்சுக்கும் செவுள் உண்டு என்று நீ காட்டிய நாளை நான் எப்படி மறப்பேன்? மகனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள் ஆகவில்லை; சவுதியில் அவன் வேலை போயிற்று. அதே வாரம் கறவை மாடும் செத்தது. "இவ கால் வச்ச நேரம்" என்றாள் என் நாத்தனார். நானும் நம்பினேன். மருமகளைக் குழித்துறையில் அவள் அம்மை வீட்டில் விட்டுவிடுவதென்று, அவள் பெட்டியை நானே கட்டி முற்றத்தில் வைத்தேன். அதன்மேல் உட்கார்ந்து அவள் அழும்போதுதான் நீ வந்தாய்.

"எக்கா, பிள்ள எதுக்கு அழுவுது?"

நாத்தனார் காரணம் சொன்னாள். நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அந்த மாசந்தானே டிவியும் வாங்கினிய? அதையும் கட்டி வையுங்க, சேத்துக் கொண்டு போவட்டு."

"மீன் விக்க வந்தவளுக்குக் குடும்பக் காரியத்துல என்னட்டி பேச்சு?" என்றாள் நாத்தனார்.

"மீன் நாறினா என்னைய ஏசுங்க. இப்பம் நாறுது உங்க பேச்சுல்லா!"

"ஊரே சொல்லுது!"

"சந்தையே சேந்து புது மீனுன்னு சொன்னா, நாலு நாளு மீனு துள்ளுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினாய். "எக்கா, ஒங்க மவன் கம்பெனியில எத்தன பேருக்கு வேல போச்சு?"

"முப்பது பேருக்காம்."

"முப்பது பேருக்கும் இவதான் பெஞ்சாதியா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டு வைத்தேன். மேலே எழுதிய மூன்று பேத்திகளும் அந்தப் பெட்டிக்காரி பெற்றவர்கள்தான்.

நான் அஞ்சாம் கிளாஸ். நீ பள்ளிக்கூடமே மிதிக்காதவள். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே முன்னதைக் காரணம் என்பது, பேச்சை விட்டுவிட்டு ஆளை ஏசுவது, ஊர் சொல்வதால் நிசம் என்பது, இதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் இருக்கிறதாம். கடைக்குட்டி சொல்கிறாள். பெயர்களை அவள் வைத்துக்கொள்ளட்டும்; எனக்குச் செவுள் போதும்.

இன்றும் வீட்டில் ஒன்று கெட்டால், யார் வந்த நேரம் என்று என் மனசு தேடத்தான் செய்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிடும். அங்கேயே நிறுத்தி, செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன். பாதி நாள் பழுப்புதான்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகள் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. உதடு ஒட்டி, வாய் மூடி இருக்கிறாய். அது நீயே இல்லை. நம் வீட்டுப் பின்வாசலில், நீ கடவம் இறக்கும் இடத்தில், உன் படம் ஒன்று வேண்டும் என்று மருமகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உன் மகளுக்கு நேற்று போன் போட்டேன்: "வேற படம் ஒண்ணு தபால்ல அனுப்பு மக்கா. அம்ம வாயத் தொறந்து பேசிக்கிட்டு நிக்குற படம்."