கயிறு யார் கையில்

1973 ஜனவரி 9, செவ்வாய்

காலையில் கொடிமரத்துக் கயிற்றை மாற்றினோம். பழைய கயிறு இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார் செல்வதுரை. என்னோடு வேலை பார்க்கிற மனிதர், எதைக் காட்டினாலும் ஒரு வருஷம் தாங்கும் என்பார். புயல் கூண்டு ஏற்றுகிற நேரத்தில் கயிறு அறுந்தால் யார் பதில் சொல்வது? மாற்றியே தீர வேண்டும் என்று நின்றேன். மாற்றிய பிறகு புதுக்கயிறு சரியில்லையோ என்று சந்தேகம்.

கடலைப் பார்த்துப் பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மெட்ராஸிலிருந்து தந்தி வந்தால் கூண்டை ஏற்ற வேண்டும். இன்னொரு தந்தி வந்தால் இறக்க வேண்டும். நடுவில் என் வேலை பயப்படுவது.

சாப்பிடும்போது பெரியவள் இன்பமணி சொன்னாள்: "மார்ச்ல பாருக்குப் போறாங்கப்பா. நானும் போறேன்." அவள் முத்துச்சிப்பி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார் என்றால் கடலுக்கடியில் சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைத்தளம். வள்ளத்தில் போய், குளியாட்கள் மூழ்கி எடுத்து வருகிற சிப்பியை அங்கேயே பிளந்து பார்த்து எழுத வேண்டுமாம். "நீ கரையிலயே இரும்மா, சிப்பி உன்னத் தேடி வரும்" என்றாராம் ஆபீசர். "கூட சேர்ந்தவங்க ரெண்டு பேரும் போறாங்கல்லா சார்" என்றாளாம் இவள்.

"போயேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. வயிறு சம்மதிக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் வீட்டில் ஜெபசிங் உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி ஞானப்பூவின் தம்பி, நாசரேத்தில் வாத்தியார். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை கொண்டு வந்திருக்கிறான். சாத்தான்குளம், நல்ல குடும்பம், பையனுக்கு பாங்கில் வேலை.

"அவளிடம் கேட்போம்" என்றேன். அதற்கே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தான், நீங்க செஞ்ச கூத்து கொஞ்சமா? சைக்கிள் வாங்கிக் குடுத்தீங்க. எங்க தோட்டத்துக் கெணத்துல சுரைக்குடுக்கையக் கட்டி நீச்சல் பழக்குனீங்க. ஊரே நின்னு வேடிக்க பாத்துச்சு. கொடிமரத்தடில நிறுத்தி சிக்னல் படிக்க வச்சீங்க. இப்ப கடலுக்கு வேற அனுப்பப் போறீங்களாம். மகன் இல்லாத கொறைய இப்பிடியா தீர்ப்பாங்க?"

மகன் இல்லாத குறை. இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தாலும், இரண்டு பெண்களோடு சேர்த்து மூன்று பேரையும் அதே கிணற்றில்தான் இறக்கியிருப்பேன். இதை அவனிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

இன்பமணி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, "மாமா, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். சின்னவள் தேவமணி அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். ஞானப்பூவும் சிரித்துவிட்டாள். ஜெபசிங் சிரிக்கவில்லை. காப்பியை மட்டும் குடித்தான்.

ஜனவரி 22, திங்கள்

அவன் சொன்னதில் கொஞ்சமாவது உண்மை இருக்குமோ?

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆராய்ச்சிக்காரர்கள் பேசி வைத்திருப்பது கஸ்பார் சம்மாட்டியின் வள்ளம். பெண் ஏறக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். இன்பமணி முகம் வாடி வந்தாள். "நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

கடற்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். கூண்டு ஏற்றுகிறவன் என்று என்னை அவருக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, உம்ம மவ கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டேன். அதுக்காக வள்ளத்துல ஏத்த முடியுமா? பொம்பள கால் பட்டா என் ஆளு ஒருத்தனும் ஏற மாட்டான்."

"காலம் மாறுதுல்லா" என்றேன்.

"காலம் மாறும். கடல் மாறாது. கேளும். முத்துக் குளிக்கிறவன் இடுப்புக் கயித்த யார் கையில குடுப்பான் தெரியுமா? மச்சான் கையில. பொண்டாட்டியோட அண்ணன் தம்பி. அக்கா தங்கச்சி தாலிய அறுக்க விடமாட்டான்லா. அதான். காசு குடுத்து வச்ச ஆள்கிட்ட குடுக்கமாட்டான். கடல்ல ஒவ்வொருத்தனுக்கும் கயிறு பிடிக்க ஆள் உண்டு. உம்ம மவளுக்கு யாரு பிடிப்பா?"

அவள் மூழ்கப் போகிறவள் இல்லை, வள்ளத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீர் சொல்றதும் சரிதான்" என்று திரும்பி வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, சனி

இன்பமணி என்னிடம் சொல்லாமல் கஸ்பார் வீட்டுக்கே போயிருக்கிறாள். அவர் இல்லை. அவர் மனைவி பிலோமினாள்தான் இருந்தாளாம். இவள் விஷயத்தைச் சொல்ல, அந்த அம்மாள் புருஷன் வருகிறவரை இவளை உட்கார வைத்துவிட்டாளாம். வந்ததும் கேட்டிருக்கிறாள்:

"வள்ளத்துக்கு வச்ச பேரு மாதா பேரு. வள்ளம் வாங்குனது என் சங்கிலிய வித்து. இதுல பொம்பள கால் படக்கூடாதோ?"

கஸ்பார் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தாராம். ஒரே ஒரு நிபந்தனை. அவள் போகும்போதும் வரும்போதும் அவள் அப்பன் கரையில் நிற்க வேண்டும்.

"நீங்க கொடிமரத்துல நிப்பீங்கல்லாப்பா, வள்ளத்துலருந்து பாத்தா தெரியும், அது போதும்னு சொன்னாரு" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நிற்பேன்" என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சாத்தான்குளத்தார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். படகேறப் போகிற பெண் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜெபசிங் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். நேரில் வரவில்லை.

இன்பமணி "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜெபப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். அவளுக்கு வருத்தமே இல்லையா, இருந்தும் காட்டவில்லையா? அவள் வாழ்க்கையை நான் கெடுக்கிறேனா? யாரிடம் கேட்பது? நான் நினைத்தது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கு விலை கொடுக்கிறவள் அவளல்லவா, நானில்லையே.

மார்ச் 2, வெள்ளி

தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் வள்ளம் கவிழ்கிறது.

ஞானப்பூவிடம் சொன்னேன். அவள் பயப்படுவாள், அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்கலாம் என்று ஒரு நப்பாசை. அவள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு நீந்தத் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். இந்த வீட்டுல நீச்சல் தெரியாதது எனக்கும் உங்களுக்கும்தான். நாம ரெண்டு பேரும் கடலுக்குப் போகல. அப்புறம் என்ன?"

மார்ச் 11, ஞாயிறு

புதன்கிழமை கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை கஸ்பார் சங்கு குளிக்கப் போய்விடுவார். அப்புறம் வேறு ஊரிலிருந்துதான் வள்ளம் பிடிக்க வேண்டும். அவர்கள் பெண்ணை ஏற்ற மாட்டார்கள் என்று ஆபீசர் இப்போதே சொல்லிவிட்டார். ஆகவே இந்த வாரம், இல்லாவிட்டால் அவளுக்கு இல்லை.

மார்ச் 13, செவ்வாய்

தந்தி வந்தது. இலங்கைக்குக் கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு. மூன்றாம் எண் கூண்டு ஏற்றினேன். இந்தக் கூண்டு நிற்கிற வரைக்கும் சின்னப் படகு எதுவும் கிளம்பாது.

இத்தனை வருஷத்தில் சந்தோஷமாகக் கூண்டு ஏற்றியது இன்றைக்குத்தான். ஆண்டவரே.

மார்ச் 14, புதன்

நல்ல காற்று. கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. இன்பமணி ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்கக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஞானப்பூ சொன்னாள். வரும்போது பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்தேன். "என்னப்பா விசேஷம்?" என்று தேவமணி கேட்டாள். சும்மாதான் என்றேன். பெரியவள் ஒன்றுகூடத் தொடவில்லை.

மார்ச் 15, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

விடிந்தும் விடியாமலும் தந்தி ஆபீஸ் முப்பிடாதி சைக்கிளில் தந்தி கொண்டு வந்தான். தாழ்வு கலைந்துவிட்டது, கூண்டை இறக்கலாம். கடல் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

தந்தியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

செல்வதுரை இன்னும் வரவில்லை. நான் மட்டும்தான். கரையில் வள்ளக்காரர்கள் எல்லாரும் குந்தியிருந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரைக்காற்று அடிக்கிற வரைக்கும்தான் பாய் விரித்துக் கிளம்ப முடியும். அது விழுந்துவிட்டால் இன்றைக்குப் பயணம் இல்லை. நாளைக்குக் கஸ்பார் சங்குக்குப் போய்விடுவார். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். கயிற்றைத் தொடாமல் நின்றால் போதும். யாருக்கும் தெரியாது. அவளிடம் "போ" என்று சொன்ன அப்பனாகவும் இருக்கலாம், அவள் வீட்டில் பத்திரமாகவும் இருப்பாள். அத்தனை பேர் வீட்டிலும் உலை வைக்கக் காத்திருக்கிறார்கள் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்படியே நின்றேன்.

இன்பமணி கரையிலிருந்து ஏறி வந்தாள். கையில் பை, தலையில் துண்டு.

"முப்பிடாதி அண்ணாச்சி வந்துட்டுப் போறதப் பாத்தேன்பா. ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

கை சட்டைப் பைக்குப் போனது.

"தந்தியக் குடுங்க."

கொடுத்தேன். வாசித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நான் பையனா இருந்தா?"

"பையனாக இருந்தாலும் பயந்திருப்பேன் அம்மா. சத்தியமாகச் சொல்கிறேன்."

"பயந்திருப்பீங்க. ஆனா இறக்கியிருப்பீங்க."

எனக்கு ஒரு மகன் இருந்தாலும் மூன்று பேரையும் ஒரே கிணற்றில் இறக்கியிருப்பேன் என்று ஜெபசிங்கிடம் அவ்வளவு சத்தமாகச் சொன்னேனே.

"நான் கீழ போறேன். நீங்க இறக்குனா ஏறுவேன்" என்றாள். கயிற்றுப் பக்கம் அவள் கையே போகவில்லை. அவளுக்கு இறக்கத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

அவள் மணலில் பாதி தூரம் போகிறவரை நின்றேன். அப்புறம் இறக்கினேன். புதுக்கயிறு, நன்றாகவே ஓடியது. கூண்டு கீழே வரவும் கரை முழுக்கச் சத்தம், வள்ளம் தள்ளுகிற சத்தம். மாதா பேர் எழுதிய வள்ளத்தில் அவள் ஏறி உட்கார்ந்தாள். கஸ்பார் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

சிக்னல் புத்தகத்தில் தந்தி வந்த நேரத்தையும் கூண்டு இறக்கிய நேரத்தையும் உள்ளபடியே எழுதினேன். துறைமுக ஆபீசர் கூப்பிட்டு, நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டார். "பயந்துகொண்டிருந்தேன்" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுப்பேன்.

அதன் பிறகு — என்ன சொல்ல. மத்தியானம் வரை ஒன்றும் இறங்கவில்லை. தேவமணி தூக்குச்சட்டியில் கொண்டு வந்த சோற்றைத் தொடவில்லை. அவள்தான் என் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தாள். "அன்னா அங்கன, பாய் தெரியுது" என்று முதலில் சொன்னதும் அவள்தான். எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்.

வந்துவிட்டாள். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருக்கிறது. மேலெல்லாம் சிப்பி நாற்றம். போகும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அவள் அம்மாவிடம். என்னிடம் அதிகம் பேசவில்லை. சாப்பிடும்போது மீன் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

இத்துடன் நான்காவது தடவை போய் வந்தாள். கஸ்பார் சங்குக்குப் போய்விட்டாலும், ஒரு தடவை அவள் போய் வந்ததைக் கேட்டு வேறு ஊர் வள்ளக்காரர்களும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆபீசிலிருந்து எனக்கு ஓலை வந்தது: இனி இப்படி நடக்கக்கூடாது. நியாயம்தான். பயம் குறைந்தபாடில்லை. ஆனால் தந்தி கைக்கு வந்ததும் கயிற்றைத் தொட்டுவிடுகிறேன்.

மே 12, சனி

நாசரேத். லீவு போட்டு எல்லாரும் வந்திருக்கிறோம். ஜெபசிங் முகம் கொடுத்துப் பேசினான். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தான், இன்னொரு எடம் இருக்கு. பையன் காலேஜ்ல லெக்சரர். விசாரிச்சிட்டேன், நீச்சல் தெரியுமாம்" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். அவளிடம் கேட்கச் சொன்னேன். கேட்டானாம். பையனை நேரில் பார்த்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம்.

சாயங்காலம் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். கோடையிலும் தண்ணீர் கிடக்கிற கிணறு. இந்த வயதில் உங்களுக்கு நீச்சல் எதற்கு என்று ஞானப்பூ கேட்டாள். கடலைப் பார்த்துப் பயப்படுகிறவன் தண்ணீரைத் தொட்டாவது பயப்படலாமே என்றேன். தேவமணி என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டினாள். இன்பமணி என் இடுப்பில் கயிறு கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பழக்கம் என்னுடையது.

ஜெபசிங் கிணற்று மேட்டில் நின்றிருந்தான். "கயித்த நான் பிடிக்கேன் அத்தான், மச்சான்லா நானு" என்று கை நீட்டினான்.

"வேண்டாம்" என்றேன். "அவள் பிடிக்கட்டும்."

இன்பமணி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்றாள். "இறங்குங்கப்பா" என்றாள்.

பயமாகத்தான் இருந்தது. இறங்கினேன்.