வெட்டின மீனும் இவர் காலும்

ஜூன் 3
காலை ஏழு பத்துக்கு ஒரு உதை. உடம்பு துடைக்கும்போது இரண்டு. பிசியோதெரபிக்கு வரும் நிஷா, என் வீட்டுக்காரர் கால் உதைக்கும் நேரத்தை எழுதி வைக்கச் சொன்னாள். நேரத்தை மட்டும் எழுத எனக்கு வருமா?

இவர் மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்து ஏழு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் ஈரத்துணி பட்டாலே கால் உதறுகிறது. முதல் தடவை, நடக்கப் போகிறார் என்று கீழ்க்கட்டளை மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டேன். அசடு நான்.

ஜூன் 5
"தலய வெட்டின வெரால் துடிக்கல? அதான் இது. செத்த சதை. பாக்கவே பேஜாரா கீது, கட்டிப் போடு" என்றார் இவர். இருபது வருஷம் எங்கள் கடையில் மீன் வெட்டினவர். பழைய புடவையைக் கிழித்து இரண்டு காலையும் கட்டிலோடு கட்டினேன்.

ஜூன் 9
உதை இல்லை. பாதம் இரண்டும் வீங்கி, சில்லுனு கீது. ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்?

ஜூன் 10
நிஷா திட்டவில்லை. கட்டை அவிழ்த்தாள், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினாள். காலில் ரத்தம் உறையவில்லையாம். சாயங்காலம் மறுபடி வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, வெட்டின மீன்ல ரத்தம் ஓடாது. உங்க கால்ல ஓடுது. கால் அசையாம கெடந்தா ரத்தம் கீழயே தேங்கிடும். சதை இறுகுறப்பல்லாம் கொஞ்சம் மேல தள்ளிவிடும். மூளைகிட்ட கேக்காமலே உங்க கால் அந்த வேலைய பாக்குது."

"அப்போ நடப்பேனா?"

"அது வேற அண்ணா. அத என்னால சொல்ல முடியாது. ஆனா இது செத்த கால் இல்ல."

இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

ஜூன் 11
இனி கட்ட மாட்டேன். இவர் கத்தினாலும்.

ஜூன் 14
ஒன்பது உதை. வீக்கம் வடிந்திருக்கிறது. தலையணை வைத்து உட்கார்த்தி, இவர் கையை இழுத்துக் கெண்டைக்காலில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இவர் கையை எடுக்கவில்லை.

ஜூன் 22
எண்ணெய் தேய்க்கும்போது இடது கால் ஒரே உதை. கிண்ணம் என் மடியில் கவிழ்ந்தது.

"மெதுவாடா கண்ணு" என்றார்.

"இன்னாய்யா, என்ன போய் டா போட்டு பேசுற?"

"உன்ன சொல்லல புஷ்பா" என்று தன் இடது முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.