ஆறு மணிக் கெடு

குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது.

பயப்படாதே, நல்ல சேதிதான். நம் ஊரைத் தேசியப் பூங்காவுக்குள் சேர்த்ததிலிருந்து, பெற்றவர்களைப் பார்க்க நீயும் சுற்றுலாப் பயணிபோல டிக்கெட் எடுத்து வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் வெளியேறினாயே, அந்தக் கெடு ஒழிந்தது. ஊர்க்காரர்களின் சொந்தபந்தம் இனி சும்மாவே வரலாம், ராத்திரி தங்கலாம். வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது.

பூங்காவின் புது விடுதியைத் திறக்கப் பெரிய அதிகாரி வந்த அன்று, ஊர்க்காரர்களை டிக்கெட் இல்லாமல் உள்ளே விடும் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஊரே டிக்கெட் வரிசையில் நின்றோம். ஜீப் ஓட்டுபவர்கள், விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர்கள், எல்லோரும்தான். பயணிகளின் வண்டிகள் பின்னால் பஸ் நிறுத்தம் வரை தேங்கிவிட்டன. அதிகாரி இறங்கி வந்து, "என்னம்மா இது?" என்றார்.

"எங்க வீட்டைச் சுத்திப் பார்க்க வந்திருக்கோம் சார். ஆறு மணிக்குள்ள கிளம்பிடுறோம்," என்றேன். என் வாய்த்துடுக்கு உனக்குத் தெரியாததா? மனிதர் அங்கேயே பூங்காக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நேற்று உத்தரவை வாயிலில் ஒட்டிவிட்டார்கள். இனி வெறும் கைப்பையோடு வராதே, மாற்றுத் துணியோடு வா. மாப்பிள்ளையையும் இழுத்து வா.

நீ கிளம்பும் நேரம் பார்த்து அப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்நேரத்தில் அங்கே என்ன வேலை என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நேற்று உத்தரவைப் படித்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டார்: "அவ வர்ற அன்னிக்கு, ராத்திரிக்கு என்ன சமைக்கப் போறே?"

உன் அம்மா