மேக்னெட்டோவுக்கு எந்த எண்ணெய்

அயோவா
ஜூலை 9, 1984

அன்புள்ள வெர்லினுக்கு,

ஆர்டித் எழுதுவது. இங்கே நலம். ஏப்ரலில் என்னிடம் கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரர், நெப்ராஸ்காவில் தம்பி வீட்டில்தான் இருக்கிறார் என்று ஊரார் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் திருவிழா ஊர்வலத்தில் உங்கள் அப்பாவின் டிராக்டரை நானே ஓட்டுவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். பக்கத்துப் பண்ணை லோவல் சிரிக்கிறான். "வீட்டுக்காரர் இல்லாம அது கிளம்பவே கிளம்பாது, ஆர்டித்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் அது கிளம்பத்தான் மாட்டேன் என்கிறது. பொறி தரும் மேக்னெட்டோ வறண்டு கிடக்கிறது. அதற்கு என்ன எண்ணெய் போடுவீர்கள்? உங்கள் அலமாரியில் இருக்கும், சாவிதான் உங்கள் சட்டைப்பையில். இல்லாவிட்டால் சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸையே அப்பிவிடட்டுமா? ஒரு வாரம் பார்ப்பேன்.

ஆர்டித்

நெப்ராஸ்கா
ஜூலை 15, 1984

ஆர்டித்துக்கு,

ஐயையோ, அந்தக் கிரீஸைத் தொடாதே! இரண்டு தடவை போன் செய்தேன். குரல் கேட்டதுமே வைத்துவிட்டாய்.

மேக்னெட்டோவுக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட் உரசும் இடத்துக்கு அதற்கென்றே விற்கும் கிரீஸ், தீக்குச்சித் தலையளவு போதும். கூடினால் உருகித் தெறித்துப் பொறியைக் கெடுக்கும். கம்பளித் திரிக்குத் தையல் மெஷின் எண்ணெய், சில சொட்டு. மேக்னெட்டோவை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கில் மட்டும் கிரீஸே கூடாது. அதற்குள் சின்னக் கொக்கிகள் உண்டு. அவை ஒட்டிக்கொண்டால் பொறி நேரத்துக்கு முந்தி வந்துவிடும், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி திருப்பி அடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். மெதுவாகச் சுற்றினால் கொக்கி மாட்டி விடுபட்டு 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்ஜினைக் கிளப்பவே கூடாது.

இதெல்லாம் உனக்கு எதற்கு, விடு. ஆகஸ்டில் நான் வந்து செய்கிறேன். ஊர்வலத்தில் நானே ஓட்டுகிறேன். நீ பழையபடி பின்வண்டியில் உட்கார்ந்து கையசைத்தால் போதும். எனக்கும் வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது.

உன் வெர்லின்

அயோவா
ஜூலை 23, 1984

வெர்லினுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கப்ளிங் நிறையக் கிரீஸை அடைத்துச் சுற்றினேன். கைப்பிடி திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"கைப்பிடியக் கட்டை விரல மடக்கியா பிடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"மடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"இந்த ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுமேம்மா!"

போனை வைத்தது என் தப்புதான். அதை நினைத்து அழுதேன். ஆனால் ஒரு பக்கக் கடிதத்தில் அடங்குகிற விஷயத்தை, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட நீங்கள் சொன்னதில்லை. "வெளிய நில்லு, கைய வைக்காதே." இதைத்தான் சொன்னீர்கள். சொல்லிக் கொடுத்த கடிதத்தில்கூட 'உனக்கு எதற்கு' என்கிறீர்களே!

நேற்று நீங்கள் எழுதியபடியே மண்ணெண்ணெயில் கழுவினேன். லோவல் கப்ளிங்கைப் பிடித்துக்கொண்டான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அவனை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். 'டக்' என்றது. அந்தச் சத்தத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. இன்ஜின் கிளம்பிவிட்டது.

ஊர்வலத்தில் லோவல் சுற்றிக் கொடுப்பான், நான் ஓட்டுவேன். நீங்கள் வர வேண்டாம். அலமாரிச் சாவியை மட்டும் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஆர்டித்