மற்ற கோச்சுகள் தேர்ந்தெடுத்தவன்

அன்புள்ள அப்பா,

இந்தப் பனியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா இருமல் மருந்தைத் தவறாமல் குடிக்கிறாரா? நான் நலம்தான்.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஆர்லன் டிப்ஸுக்கு இந்த ஆண்டு லீக்கின் கோச்சுகள் ஓட்டுப் போட்டுத் தரும் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்திருக்கிறது. சொந்த அணி வீரனுக்குக் கோச் ஓட்டுப் போடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற கோச்சுகள் அத்தனை பேரும் இவனுக்கே போட்டிருக்கிறார்கள்.

நேற்று பயிற்சியில் அவன் மயங்கி விழுந்தான். "காலைல சாப்பிடல டாக்டர், அவ்வளவுதான்" என்று சிரித்தான். நாடித் துடிப்பு ஒழுங்காக இல்லை. இதய நிபுணரைப் பார்க்கும்வரை ஆடக் கூடாது என்றேன்.

"அத்தன கோச்சும் சேந்து நிறுத்த முடியாதவன நீ ஒருத்தி நிறுத்தப் பாக்குறியா, லோர்னா?" என்றார் எங்கள் கோச் ரட்லெஜ்.

இன்று காலை தனக்கு வேண்டிய வேறொரு டாக்டரை அழைத்துவந்து, ஆடலாம் என்று சொல்ல வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மைதானத்தின் நடுவில் விருதைக் கொடுத்த கையோடு ஆட்டம் தொடங்கும்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி வழக்கமாக நடைவழி அலமாரியில் இருக்கும். அதை மைதான ஓரத்தில் என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்புங்கள். என் அறை சூடாவதே இல்லை. டிவியில் நீங்கள் ஆட்டம் பார்ப்பீர்கள். நான் மைதானத்துக்குள் ஓடுவது தெரிந்தால், அம்மா வருவதற்குள் டிவியை அணைத்துவிடுங்கள்.

பயிற்சி விசில் கேட்கிறது. அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

லோர்னா