ஈரக் கையில் முறுக்கு

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் கரையான்சாவடி மெயின் ரோட்டில் நம்முடைய முறுக்குக் கடையைத் தாண்டும்போது, ஓமம் போட்ட மாவு எண்ணெயில் வேகும் வாசனை மூக்கில் ஏறியது. கை தானாக பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் இடிக்க இருந்த ஆட்டோக்காரர், "அண்ணாத்தே, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீ இருந்தால் அவருக்குச் சரியாகக் கொடுத்திருப்பாய். எனக்கோ, வீட்டில் சொல்லாமல் போனவன் நீதானே என்று உன்மேல்தான் எரிச்சல் வந்தது.

இதே கடையில்தான் அந்தமானுக்கும் முறுக்கு வாங்கினோம். ஃபேக்டரியில் விடுமுறைப் பயணச் சலுகை கிடைத்து, ஆவடி குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீட்டுக்காரர்களான நாம் முதன்முதலாக விமானம் ஏறினோம். நீ, உன் மனைவி, நான், என் வீட்டுக்காரி. உன்னை மச்சான் என்று கூப்பிட்ட நாளிலிருந்து உன் மனைவி எனக்குத் தங்கச்சி.

"தீவுக்குப் போறோம்டா, அங்க என்ன கிடைக்குமோ" என்று ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கை அடைத்தாய்.

"ஏரோப்ளேன்ல எவனாவது தூக்கு எடுத்துகினு வருவானா? மானம் போவுது மச்சான்" என்று கத்தினேன். அங்கே போய் இறங்கினால் தெருவுக்குத் தெரு நம்மூர்க்காரர் கடை. இட்லி, வடை, முறுக்கு எல்லாம் கண்ணாடி ஜாடியில் இருந்தது. அதற்கும் நீ வெட்கப்படவில்லை. மான்கள் மேயும் அந்தக் குட்டித் தீவில் ஒரு புள்ளிமான் உன் தூக்கில் மூக்கை நுழைத்தபோது, "பாத்தியா, அதுக்குக்கூட நம்ம கடை ருசி தெரியுது" என்றாய்.

தங்கச்சியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டே பார்த்த பெண், கடலைக் கண்டதும் குழந்தையாகிவிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நீ கரையில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள்தான் அந்தப் படகு. இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு, நடுவில் பச்சையாகத் தேங்கிய மாதிரி ஓடும் உப்பங்கழி. முதலை உள்ள இடம், கையை உள்ளே வையுங்கள் என்று படகுக்காரர் ஏறும்போதே சொன்னார். உனக்கு அது போதுமானதாக இருந்தது. மிதக்கும் கட்டையைக் கண்டால் "அதோ முதலை", வேரைக் கண்டால் "அதோ வாலு". என் வீட்டுக்காரி இரண்டு தடவை அலறி, பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கியே போனாள். "சார், நெசமா வந்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்று படகுக்காரர் கடுப்பாகச் சொன்னார். தங்கச்சி உன்னைச் சட்டை செய்யவே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து, சொன்னது அத்தனையும் மறந்து, வலது கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு வந்தாள்.

எதிரே வந்த படகுக்கு வழிவிட மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்கள். உன் பேச்சு நின்றுபோனது. இன்னாடா, பேச்சைக் காணோமே என்று திரும்பினேன். நீ என் இடது மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் சதைக்குள் இறங்கியது. உன் கண் போன பக்கம் பார்த்தேன். தங்கச்சியின் விரலுக்கு ஒரு கை நீட்டும் தூரத்தில் ஒரு கட்டை கிடந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

நீ கத்தியிருந்தால், வழக்கமான விளையாட்டு என்று அவள் கையை எடுத்திருக்க மாட்டாள். நம்பியிருந்தால் துள்ளிப் படகைச் சாய்த்திருப்பாள். நீ கத்தவில்லை. என்னை விடாமலே குனிந்து, அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, படகுக்குள் கொண்டுவந்து, தூக்கிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அதில் வைத்து மூடினாய்.

"ஈரக் கையில முறுக்க வெக்கிறீங்களே, நமுத்துப் போயிடாது?" என்று அவள் சிடுசிடுத்தாள்.

"சாப்பிடும்மா. நல்லாத்தான் இருக்கும்" என்றாய். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அவள் கடித்தாள். திரும்பிப் பார்த்தேன், தண்ணீர் வெறுமையாக இருந்தது. ஒரு சுழிப்புகூட இல்லை.

கரை இறங்கியதும் படியில் உட்கார்ந்துவிட்டாய். "அவகிட்ட சொல்லிடாத மச்சான். இப்பத்தான் தண்ணியப் பாத்து சிரிக்கிறா" என்றாய். அடுத்த நாள் அவள் கடலில் இறங்கியபோது, முதலை வராமல் வலை கட்டிய இடம்தானா என்று காவலுக்கு நின்றவரைத் துளைத்து எடுத்தாய். அவர் உன்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

ஊர் திரும்பியும் உன் வாய் அடங்கவில்லை. மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால் உனக்கு முதலை தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுப்பாக்கத்தில் மெக்கானிக் கடை வாசலில் நின்றோம். பள்ளத்தில் ஒரு பழைய டயர் மிதந்தது. "மச்சான், அந்தமான்லேர்ந்து தேடிகினே வந்துருச்சு பாரு" என்றாய். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் மணிக்கட்டில் உன் நகம் இறங்கியது. உன் இன்னொரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

அந்தப் பிடியை எனக்குத் தெரியும். ஆட்டோவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பறந்தேன். "அவகிட்ட சொல்லாத, பயந்துப்பா" என்று மட்டும் சொன்னாய். ஆஸ்பத்திரி வாசலில் உன் விரல்கள் தளர்ந்தன. டயரைக் காட்டிக் கேலி பேசிய மனுஷன், அதே சட்டை, அதே முகம். ஒரு மனுஷன் இப்படியாடா போவான்? இன்னமும் எதிர்வீட்டுக் கதவு திறந்தால் நீதான் வருகிறாய் என்று தலை நிமிர்கிறது.

நேற்று அந்த முறுக்கை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் வீட்டுக்காரி சொன்னது சரிதான். கன்னம் ஒட்டிக் கிடந்தது. பொட்டலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஊரெல்லாம் ஒண்ணுமில்லாததுக்கு சத்தம் போட்டாரு. நெஞ்சு வலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாராண்ணா? அவருக்கு நான்னா விளையாட்டு. அந்தமான் வரைக்கும் போயி கட்டையத்தான் காட்டினாரு, ஒரு முதலை பாக்கல. நாலு பேர் எதிர்ல ஒரு நாளாவது என் கையப் புடிச்சிருக்காரா, கேளுங்க."

மச்சான், உனக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். கட்டைக்குக் கண் இருந்ததைச் சொன்னேன். உன் நகம் பட்ட இடத்தைக் காட்டினேன். நீ எதற்காகக் கத்தவில்லை என்பதையும், படியில் உட்கார்ந்து என்ன சொன்னாய் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அதிர்ந்துபோய்த் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான் அந்த முறுக்கா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். கையைத் துடைக்காமலே பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்தாள். அது நமுத்துப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் சாப்பிட்டாள்.

திட்டுவதானால் திட்டிக்கொள். உன் ரகசியத்தை இறக்கி வைத்துவிட்டேன். பிடியை மட்டும் இறக்க முடியவில்லை. தேங்கிய தண்ணீரைக் கண்டால், என் வலது கை போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது.