துடைத்தாலும் போகாத புள்ளி

அண்ணா,

இன்றைக்கும் துண்டை எடுத்துவிட்டேன். அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் மகளின் மூளையை மறுபடி ஸ்கேன் எடுத்துப் படத்தைக் கையில் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அதே இடத்தில் அதே வெள்ளைப் புள்ளி. என் கை தானாகத் தோளுக்குப் போனது. "அது அழுக்கில்லீங்கப்பா" என்று மகள் சிரித்தாள்.

முதல் தடவை டாக்டர் எதிரிலேயே அந்தப் புள்ளியை எச்சில் தொட்டுத் துடைத்தவன் நான். நீங்கள் அங்கே சிரிக்கவில்லை. டீக்கடைக்கு வந்த பிறகுதான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

அன்று காலை, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை வாசலில் விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பென்றால் ஊரில் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். நான் லாரிக்காரன் அல்லவா, ஓடிப்போய் வீல் ஸ்பேனரைத் தூக்கி வந்தேன். பக்கத்து டயர் கடையிலிருந்து நீங்கள் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி எறிந்தீர்கள். "இரும்புல நிக்காது சாமி, தள்ளி நில்லு." அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு உங்கள் துண்டைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தீர்கள். நான் கத்திக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது எனக்கு ஸ்பேனர் மட்டும்தான் ஞாபகம் வந்தது. முதலில் வலது கை இழுத்தது, இரண்டு நிமிடத்தில் நின்றது, அப்புறம் கொஞ்ச நேரம் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று நீங்கள்தான் வரிசையாகச் சொன்னீர்கள்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று உங்களைக் கேட்டார் டாக்டர்.

"ஹெவி லைசென்ஸுங்க."

புள்ளி என்னவென்று இப்போது சொல்ல முடியாது, மாத்திரையை விடக் கூடாது, பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார் அவர். தெரியாதென்று சொல்ல ஒரு டாக்டரா என்று வெளியே வந்து குதித்தேன். "தெரியாதத தெரியலன்னு சொல்றாரு பாரு, அவரத்தான் நம்போணும்" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. படிப்பை நிறுத்திப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அன்று மாலை நீங்கள் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"பெரியப்பன் லாரிய உட்டு ஏன் எறங்குனேன் தெரியுமா கண்ணு? எனக்கும் இதேதான் வந்துச்சு. ஸ்டீரிங் மட்டுந்தான் ஆகாதுன்னாங்க. மத்தது அத்தனையும் ஆச்சு."

மலைப்பாதைக்குப் பயந்து இறங்கியவர் என்று லாரி ஸ்டாண்டில் இத்தனை வருடம் உங்களைக் கேலி பேசியதில் நான்தான் முதல் ஆள். ஒருநாள்கூட நீங்கள் மறுத்ததில்லை. எங்களிடம் மானத்துக்காகக்கூடச் சொல்லாததை அவளுக்காகச் சொன்னீர்கள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகிறாள். வலிப்பு திரும்ப வரவில்லை. புள்ளி வளரவும் இல்லை, போகவும் இல்லை. இன்னமும் தெரியவில்லை என்றே டாக்டர் சொன்னார். "சரிங்க" என்றேன், குதிக்காமல்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணியிடம் கேட்டு வாங்கிய உங்கள் கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது. வீல் ஸ்பேனரை லாரியிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறேன்.